வாடகைக்கு விட்ட மேசை

கடல் உயிரியல் படிக்கப் போகிறேன் என்று பிளஸ் டூ முடித்த பிள்ளை சொன்னால், வீட்டில் முதலில் வரும் கேள்வி, "கப்பல்லயா வேலை?" என்பதுதான். கேட்பவர்மேல் தப்பில்லை. கடலறிவியலின் பிறந்த கதையைப் புத்தகங்களும் கப்பலிலிருந்துதான் தொடங்குகின்றன. 1872 டிசம்பரில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்திலிருந்து 'சேலஞ்சர்' புறப்பட்டது. மூன்றரை ஆண்டுகளில் 68,890 கடல் மைல் சுற்றியது. கயிற்றை இறக்கி ஆழம் பார்த்தது, அடிமண்ணை வாரியது, எவரும் பார்த்திராத உயிர்களை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தது. அறிக்கை எழுதி முடிக்க 1895 ஆகிவிட்டது. மொத்தம் 50 தொகுதிகள். கதை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தக் கப்பலில் இருந்த அறிவியலாளர் குழு ஓவியரையும் சேர்த்து 6 பேர். அதில் ஏறிப் பாடம் படித்த மாணவர் யாரும் இல்லை. கடலை ஒரு படிப்பாக, அதாவது ஓர் இளைஞன் ஊரிலிருந்து பெட்டியோடு வந்து, உட்கார்ந்து, கற்று, ஆய்வு செய்து திரும்பக்கூடிய ஒன்றாக ஆக்கியது வேறொரு பொருள். அதே 1872இல், இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில், கடலோரப் பூங்கா ஒன்றுக்குள் அதற்குக் கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொருள் ஒரு மேசை. ஆண்டு வாடகைக்கு விட்ட மேசை.

அதற்கு முன்னால் கடல் உயிர்களைப் படிப்பது எப்படியிருந்தது? பெரும்பாலும் ஸ்பிரிட் பாட்டிலுக்குள் இருந்தது. சொறிமீனை ஸ்பிரிட்டில் போட்டால் கண்ணாடிபோல் மின்னியது கூழாகி அடியில் படிந்துவிடும். பேய்க்கணவாய் நிறம் போய் வெளிறிச் சுருங்கும். மாணவன் அதைப் பார்த்துப் படம் வரைந்து, அதுதான் விலங்கு என்று நம்பிக்கொள்ள வேண்டும். உயிரோடு பார்க்க ஆசைப்பட்ட பேராசிரியர்கள் கோடை விடுமுறையில் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். பெர்லினில் உடலியல் கற்பித்த யோஹான்னஸ் முல்லர், வடகடலில் இருக்கும் ஹெல்கோலாந்து தீவுக்கு மாணவர்களைக் கூட்டிப்போவார். நுண்ணிய கண்ணுள்ள வலையைப் படகுக்குப் பின்னால் இழுத்து, நீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களை அள்ளுவார். அப்படிப் போன மாணவர்களில் ஒருவர் எர்ன்ஸ்ட் ஹேக்கல். ஹேக்கல் பிறகு ஜெனா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1865இல் அவர் ஹெல்கோலாந்துக்குக் கூட்டிப்போனவர்களில் ஒருவர் ஆன்டன் டோர்ன். ஆசிரியனிடமிருந்து மாணவனுக்கு இறங்கிவந்த பழக்கம் இது. என்ன, ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் விடுமுறையில்.

டோர்ன் 1840இல் ஸ்டெட்டினில் பிறந்தவர். அன்று பிரஷ்யா, இன்று போலந்து. சர்க்கரை ஆலையில் சேர்ந்த குடும்பப் பணம். தந்தைக்குப் பூச்சிகள்மேல் பித்து, இசையிலும் பித்து. இசையமைப்பாளர் ஃபெலிக்ஸ் மெண்டல்சனின் பெயரைத்தான் மகனுக்கும் முதல் பெயராக வைத்தார். மகன் கொஞ்ச காலம் எதிலும் மனம் ஒட்டாமல் திரிந்தார். ஜெனாவுக்கு வந்து ஹேக்கல் மூலம் டார்வினைப் படித்த பிறகுதான் திசை கிடைத்தது. நண்டு, இறால் வகைகளின் கருவளர்ச்சியைப் பார்த்தால் உயிர்களின் வம்சாவளியே தெரிந்துவிடும் என்று நம்பினார். அதற்குக் கரு உயிரோடு வேண்டும். கரு வேண்டுமென்றால் கடல் வேண்டும். ஜெனாவிலிருந்து கடலுக்குப் பல நூறு கிலோமீட்டர்.

1868 குளிர்காலத்தில் சிசிலித் தீவின் மெஸ்ஸீனாவுக்குப் போனார். கூடவே ரஷ்ய நண்பர் நிக்கலாய் மிக்லூகோ-மக்லாய். ஸ்காட்லாந்திலிருந்து கழற்றி மாட்டக்கூடிய கண்ணாடித் தொட்டி ஒன்றை வரவழைத்து, வாடகை வீட்டில் பூட்டினார்கள். மெஸ்ஸீனா நீரிணை உயிர் வளத்துக்குப் பேர்போனது. ஹேக்கல் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அங்கேதான் ஒரு குளிர்காலம் தங்கி நுண்ணுயிர்களைக் குவித்துக்கொண்டு போயிருந்தார்.

இருந்தும் அந்தக் குளிர்காலத்தில் பாதிப்பொழுது விலங்கைப் பார்ப்பதில் போகவில்லை. மீனவரைப் பிடிக்க வேண்டும். இன்னது வேண்டும் என்று பாஷை தெரியாமல் சைகையில் விளக்க வேண்டும். வீசியெறிகிற குப்பைக்குத்தான் இந்த வெளிநாட்டுக்காரர்கள் காசு கொடுக்கிறார்கள் என்று அவரை நம்பவைக்க வேண்டும். தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற வேண்டும். ஒரு விலங்கின் பெயர் தெரியவில்லை என்றால் பார்க்கப் புத்தகம் இல்லை, நூலகம் மலைகளுக்கு அப்பால். ஒரு விஞ்ஞானி வந்து, எல்லாம் சேகரித்து, ஒருவழியாகப் பழகும்போது பருவம் முடிந்து கிளம்ப வேண்டும். அடுத்து வருகிறவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

நம்மூர்க் கடலோரத்தில் வேலை பார்த்த எந்த ஆய்வு மாணவரைக் கேட்டாலும் இந்தப் பாட்டை வரிமாறாமல் சொல்வார். அந்தச் சலிப்பிலிருந்து டோர்னுக்கு ஓர் எண்ணம் முளைத்தது. ரயிலில் போகிறவன் தண்டவாளத்தைத் தானே போட்டுக்கொண்டு போவதில்லை. நிலையத்துக்கு நிலையம் இறங்குகிறான், ஏறுகிறான். அதுபோல உலகத்தின் கடற்கரைகளில் விலங்கியல் நிலையங்கள் இருந்தால்? வந்து இறங்குகிறவனுக்குத் தொட்டி, கருவி, ரசாயனம், புத்தகம் எல்லாம் தயாராக இருந்தால்? மெஸ்ஸீனாவை விட்டுப் போகும்போது தொட்டியை அடுத்து வருபவருக்காக விட்டுவிட்டுப் போனார்கள். உலக வலைப்பின்னலின் முதல் கண்ணி அவ்வளவுதான், ஒரு கண்ணாடித் தொட்டி. (மக்லாய் அந்த எண்ணத்தைக் கைவிடவில்லை. நியூ கினியில் அலைந்து திரிந்த பிறகு, 1881இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஒரு நிலையத்தைக் கட்டினார்.)

பணம் எங்கிருந்து வரும்? 1870 தொடக்கத்தில் டோர்ன் பெர்லினில் புதிதாகத் திறந்திருந்த மீன்காட்சி சாலையைப் போய்ப் பார்த்தார். ஜனங்கள் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தார்கள். கணக்கு ஓடியது. கீழ்த்தளத்தில் காட்சி சாலை, மேல்தளத்தில் ஆய்வுக்கூடம். கீழே வேடிக்கை பார்ப்பவன் கொடுக்கும் காசில் மேலே ஆராய்ச்சி. ஊர் சிசிலியாக இருந்தால் சரிப்படாது, சுற்றுலாக்காரர் குவிகிற பெருநகரம் வேண்டும். நேப்பிள்ஸ்! வளைகுடாவும் வளமானது, வெசூவியஸ் எரிமலையைப் பார்க்க ஐரோப்பாவே வந்துபோகிற ஊர்.

நகரசபையிடம் பேசிப் பேசி, கடலோரத்து அரச பூங்காவுக்குள் நிலத்தை இலவசமாக வாங்கிவிட்டார். இதை எப்படிச் சாதித்தார் என்பது எனக்கு இன்னும் வியப்புதான். முப்பது வயது வெளிநாட்டுக்காரர், கையில் பட்டம் தவிர ஒன்றுமில்லை. ஊரின் மிக அழகான இடத்தைக் கேட்கிறார், கிடைக்கிறது. கட்டடத்துக்குத் தந்தையின் பணம், நண்பர்களின் கடன். லண்டன் கிரிஸ்டல் பேலஸின் மீன்காட்சி சாலையை அமைத்த வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட் தொட்டிகளுக்கு வழிசொன்னார். டார்வின் புத்தகங்களும் பணமும் கொடுத்தார். நூலக அறைச் சுவரில் ஹான்ஸ் ஃபோன் மாரேஸ் என்ற ஓவியர் 1873 கோடையில் படம் தீட்டினார். துடுப்பு வலிக்கும் மீனவர்கள், வலை, ஆரஞ்சுத் தோப்பு. ஒரு சுவரில் கொடிப்பந்தல் நிழலில் டோர்னும் கூட்டாளிகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்று கலை வரலாற்று மாணவர்கள் அந்தச் சுவருக்காகவே நேப்பிள்ஸ் போகிறார்கள்; கீழே மீன் இருப்பது அவர்களுக்குப் பொருட்டில்லை.

1873 இலையுதிர் காலத்தில் விஞ்ஞானிகள் வரத் தொடங்கினார்கள். 1874 ஜனவரியில் காட்சி சாலை திறந்தது. டிக்கெட் விற்றது, ஆனால் நினைத்த அளவு இல்லை. கடன் கழுத்தை நெரித்தது. மேசை அப்போதுதான் கைகொடுத்தது.

ஏற்பாடு எளிமையானது. ஓர் அரசோ, பல்கலைக்கழகமோ, அறிவியல் சங்கமோ ஆண்டு முழுவதற்கும் ஒரு மேசையை வாடகைக்கு எடுக்கும். அந்த மேசைக்கு யாரை அனுப்புவது என்பது எடுத்தவர் விருப்பம். போகிறவரிடம் நிலையம் என்ன ஆராய்கிறாய் என்று கேட்காது. முடிவு தனக்குத்தான் சொந்தம் என்றும் கேட்காது. பிரஷ்யாவும் இத்தாலிய அரசும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் தொடக்கத்திலேயே எடுத்தன. பின்னாளில் அமெரிக்கர்கள் ஒரு மேசைக்கு ஆண்டுக்கு 500 டாலர் கொடுத்தார்கள். டோர்ன் இறந்த 1909 வரைக்கும் ஏறக்குறைய 2,200 ஆய்வாளர்கள் அந்த மேசைகளில் உட்கார்ந்து எழுந்து போயிருந்தார்கள்.

மேசை என்றால் வெறும் பலகை இல்லை. ஓடும் கடல்நீர்த் தொட்டிகள், கண்ணாடிச் சாமான்கள், ரசாயனங்கள், நூலகம் எல்லாம் அதில் அடக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக, விலங்கு. இன்ன வகைப் புழு வேண்டும், முட்டையிடும் நிலையில் வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தால், நிலையத்தின் ஆட்கள் வளைகுடாவுக்குப் போய் உயிரோடு கொண்டுவந்து தொட்டியில் விடுவார்கள். 1877இல் நீராவிப் படகும் வந்தது. பெர்லின் அறிவியல் கழகம் கொடுத்த பரிசு. அதற்கு 'யோஹான்னஸ் முல்லர்' என்று பேர் வைத்தார்கள். ஹெல்கோலாந்தில் சிறுவலை இழுத்த கிழவருக்கு இதைவிடப் பொருத்தமான நடுகல் இல்லை.

சீட்டைப் படித்துவிட்டு, எந்தப் பாறை இடுக்கில், எந்த மாதத்தில், எத்தனை ஆழத்தில் அது கிடைக்கும் என்று அறிந்தவர் சல்வத்தோரே லோ பியாங்கோ. 1874இல் பதினாலு வயதை ஒட்டிய பையனாக வேலைக்குச் சேர்ந்தவர். பல்கலைக்கழகத்தில் படித்தவர் அல்லர். அவர் கையில் சொறிமீன் கூழாகாது. துளித்துளியாகச் சாராயத்தை நீரில் சேர்த்து, விலங்கு சுருங்கும் முன்னரே மயக்கி, விரிந்த கோலத்தில் அப்படியே நிலைநிறுத்துவார். ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு பக்குவம். நேப்பிள்ஸ் பாட்டில் என்றால் உலக அருங்காட்சியகங்களில் தனி மதிப்பு, விலைகொடுத்து வாங்கினார்கள். செய்முறையை நிலையம் பல ஆண்டுகள் வெளியே விடாமல் வைத்திருந்தது. 1890இல்தான் லோ பியாங்கோ அதை அச்சிட்டார். என்னைக் கேட்டால், இந்தக் கதையில் டோர்னுக்குச் சமமாக உட்கார்த்த வேண்டிய ஒரே ஆள் இவர்தான். கடல் படிப்பில் பட்டம் வாங்கியவர்கள் ஆயிரம், விலங்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் எப்போதும் சிலரே.

மேசையில் என்ன விளைந்தது? கேம்பிரிட்ஜின் மேசைக்கு 1874இல் வந்தவர் ஃபிரான்சிஸ் பால்ஃபர். வயது 22. சுறாவின் கரு எப்படி வளர்கிறது என்று பார்த்தார், நான்கு ஆண்டில் அதைப் பெரும் நூலாக்கினார். கேம்பிரிட்ஜில் கருவியலை ஒரு பாடமாகவே நிறுவினார். முப்பது வயதில் ஆல்ப்ஸ் மலையேற்றத்தில் விழுந்து இறந்தார். தியோடோர் பொவேரி கடல் முள்ளெலியின் முட்டைகளைத் தேடி வந்தார். கடல் முள்ளெலி ஆய்வாளருக்கென்றே படைத்ததுபோன்ற பிராணி. முட்டை கண்ணாடிபோல் இருக்கும். கருவுறுதல் உடம்புக்கு வெளியே, வெறும் கடல்நீரில் நடக்கும். ஒரு கிண்ணத்தில் ஆயிரக்கணக்கான முட்டைகள் ஒரே நேரத்தில் பிளவுபடுவதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். 1901–02 குளிர்காலத்தில் ஒரே முட்டைக்குள் இரு விந்தணுக்கள் புகுந்தால் என்ன ஆகிறது என்று பொவேரியும் மனைவி மார்செல்லாவும் பார்த்தார்கள். குரோமோசோம்கள் தாறுமாறாகப் பிரிந்த கருக்கள் தாறுமாறாக வளர்ந்தன. ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தனித்தனி வேலை உண்டு என்பதற்கு வலுவான சான்று அங்கே கிடைத்தது. மரபியல் படிக்கும் எந்தப் பிள்ளைக்கும் இது பாடம். அது கடலோரத்து மேசையில் கிடைத்தது என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

பெண்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் வாசலைச் சாத்தியிருந்த காலம். அமெரிக்காவின் ஐடா ஹைட் 1896இல் ஹைடல்பெர்க்கில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண்களில் ஒருவர். பிறகு நேப்பிள்ஸில் போய் வேலை செய்தார். ஊர் திரும்பியதும் அவர் செய்த முதல் காரியம், மேசை வாங்கக் காசு சேர்த்தது. பெண்கள் கல்லூரிகள் பங்கு போட்டுக்கொண்டு, பெண் ஆய்வாளர்களுக்கென்றே நேப்பிள்ஸில் ஒரு மேசையை ஆண்டுதோறும் எடுத்தன. யாரை அனுப்புவது என்பது எடுத்தவர் விருப்பம் என்ற டோர்னின் ஒற்றை விதி, அவர் எண்ணியிராத ஒரு கதவைத் திறந்துவிட்டது.

சொந்த ஆராய்ச்சியில் டோர்னுக்கு அதிர்ஷ்டம் போதவில்லை. முதுகெலும்பிகளின் மூதாதை வளையப்புழுக்கள்தாம் என்று 1875இல் எழுதினார். புழு தலைகீழாகப் புரண்டு முதுகு வயிறாகி, வயிறு முதுகாகி நாம் வந்தோம் என்பது வாதம். சக ஆய்வாளர்கள் ஏற்கவில்லை, வம்சாவளியும் அப்படி இல்லை. ஆனால் 1990களில் மரபணுக்களைப் பார்த்தவர்கள், பூச்சியின் வயிற்றுப்பக்கத்தை வகுக்கும் மரபணுவின் உறவுக்காரன்தான் தவளையின் முதுகுப்பக்கத்தை வகுக்கிறது என்று கண்டபோது, புரண்ட புழு மீண்டும் பேச்சுக்கு வந்தது. டோர்ன் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. ஆராய்வதற்காகத்தான் நிலையம் கட்டினார். நிலையத்துக்குப் பணம் திரட்டுவதிலேயே ஆராயும் வயது போய்விட்டது.

நேப்பிள்ஸ் முதல் நிலையம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிரான்ஸில் கொன்கார்னோ 1859இலேயே இருந்தது. ரோஸ்கோஃபில் பாரிஸ் பேராசிரியர் லகாஸ்-டூட்டியே 1872இல் தொடங்கினார். 1873 கோடையில் அமெரிக்காவின் பெனிகீஸ் தீவில் லூயி அகாசி ஆண் பெண் ஆசிரியர்களைச் சேர்த்து ஒரு பள்ளி நடத்தினார். அந்த டிசம்பரில் அவர் இறந்துபோக, இன்னொரு கோடையோடு அது மூடிற்று. ஒரு மனிதரை நம்பியிருந்தது, அந்த மனிதரோடு போயிற்று. நேப்பிள்ஸ் நிலைத்து நின்றதற்குக் காரணம் வாடகை. யார் பேராசிரியர் என்பது மாறலாம், மேசைக்கான பணம் ஆண்டுக்காண்டு பல நாடுகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. முதல் உலகப்போரில் இத்தாலி எதிரணிக்குப் போனதும் ஜெர்மன் குடும்பத்திடமிருந்து நிலையத்தைப் பறித்தார்கள். 1924இல் மகன் ரைன்ஹார்டிடம் திரும்பி வந்தது, மேசைகள் மறுபடி நிறைந்தன. 1951இல் அங்கே நடந்த ஒரு கருத்தரங்கில்தான் மாரிஸ் வில்கின்ஸ் காட்டிய டி.என்.ஏ. எக்ஸ்ரே படத்தைப் பார்த்து ஜேம்ஸ் வாட்சனுக்குப் பொறி தட்டியது.

நேப்பிள்ஸில் உட்கார்ந்து வந்தவர்கள் அவரவர் கரையில் மேசை போட்டார்கள். சார்லஸ் விட்மன் 1881–82இல் அங்கே இருந்தவர். 1888இல் அமெரிக்காவின் உட்ஸ் ஹோலில் கடல் உயிரியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். அதே 1888இல் இங்கிலாந்தின் பிளிமவுத் ஆய்வுக்கூடமும் திறந்தது. உட்ஸ் ஹோலில் ஆய்வோடு கோடை வகுப்பும் சேர்ந்தது. கலிஃபோர்னியாவில் பேராசிரியர் வில்லியம் ரிட்டர் 1903இல் ஒரு ஓட்டலின் படகுக் கொட்டகையில் வேலை தொடங்கினார். 1912இல் அது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று. 1925இல் ஸ்க்ரிப்ஸ் கடலியல் நிறுவனம் என்ற பெயர் வந்தது. விலங்கு பார்க்கப் போன இடத்தில் நீரோட்டம், உப்பு, அடிமண் எல்லாம் சேர்ந்து ஒரே படிப்பாயின.

நம் கரைக்கு வந்த கிளை லிவர்பூல் வழியாக வந்தது. வில்லியம் ஹெர்ட்மன் அங்கே பேராசிரியர். சேலஞ்சர் கொண்டுவந்த உயிரிகளில் ஒரு பிரிவை வகைப்படுத்தியவர், ஐரிஷ் கடலில் நிலையம் நடத்தியவர். 1902இல் மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள் ஏன் பொய்த்துப் போகின்றன என்று பார்க்க இலங்கை அரசு அவரை வரவழைத்தது. கூட வந்த உதவியாளர் ஜேம்ஸ் ஹார்னல். முத்து விளைவது நாடாப்புழுவின் இளம் பருவத்தைச் சுற்றித்தான் என்றார் ஹெர்ட்மன். அந்தக் கருத்தும் நிற்கவில்லை. ஆனால் 1919இல் அவர் லிவர்பூலில் தன் பணத்தைப் போட்டு நிறுவிய கடலியல் பேராசிரியர் பதவி நின்றது. ஹார்னல் ஹெர்ட்மனோடு திரும்பிப் போகவில்லை. இலங்கையிலேயே தங்கி, பிறகு சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு வந்து அதன் இயக்குநரானார். சங்கு, தோணி, வலை என்று நம் கரையைப் பற்றி அவரளவு எழுதிவைத்த வெளிநாட்டவர் குறைவு. பாம்பனுக்கு அருகே குருசடைத் தீவின் கரையோர உயிர்களைச் சென்னை அருங்காட்சியகம் 1927இல் தனிநூலாக வெளியிட்டது. 1960களின் தொடக்கத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் ஆர்.வி. சேஷய்யா, வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் மேசை போட்டார். ஒரு பக்கம் முகத்துவாரம், ஒரு பக்கம் வங்கக்கடல், சற்றே தெற்கே பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு. இடம் தெரிந்தெடுத்ததில் டோர்னுக்குக் குறைந்தவரில்லை.

ஆகவே, இந்தப் படிப்பில் சேர விண்ணப்பம் வாங்கும் தம்பி, தங்கைக்கு ஒன்று. கல்லூரியின் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், பாடத்திட்டத்தின் நீளத்தையும் பார்க்காதீர்கள். முதலில் போய் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஆய்வுக்கூடத்தின் குழாயில் கடல்நீர் வருகிறதா? காலையில் உயிரோடு விலங்கு கொண்டுவந்து கொடுக்கிற ஆள் யார், அவர் பெயர் என்ன?